ஒன்பது பேருக்கான தூள்

தான் செய்த பூட்டை உலகத்தில் வேறு எந்தச் சாவியும் திறக்காது என்று டாக்டர் செந்தூர்க்கனி பதினோரு வருடம் பெருமை அடித்துக்கொண்டாள். அந்தப் பெருமைக்குப் பதவி உயர்வு வந்தது, பட்டுச் சால்வை வந்தது, கடைசியில் ஒரு கம்பெனியே தேடி வந்தது. சாவி செய்கிறவன் ஒருநாள் கடையைச் சாத்திவிட்டுப் போனால் என்ன கதி என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. விருதுநகரில் மிளகாய் வத்தல் மண்டிக்காரர் வீட்டில் பிறந்து, பேரம் பேசுகிற சத்தத்திலேயே தூங்கி எழுந்து வளர்ந்த பெண்ணுக்கு அது தோன்றாமல் போனதை என்னவென்று சொல்வது? படிப்பு ஏற ஏறச் சில சங்கதிகள் இறங்கிவிடும் போலிருக்கிறது.

பூட்டு என்றால் கதவில் தொங்குகிற பூட்டு இல்லை. 'தொண்டை வாட்டம்' என்று ஊர்ப்பக்கம் சொல்லப்படும் ஒரு பரம்பரை நோய் இருக்கிறது. மருத்துவப் புத்தகத்தில் மூன்று வெள்ளைக்காரர்களின் பெயர்களை ஒட்டுப்போட்டு அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். முதலில் குரல் போகும். பிறகு விழுங்குவது போகும். பிறகு மூச்சு. நரம்புச் செல்களைக் காக்க வேண்டிய ஒரு புரதம் உடம்பில் உற்பத்தியாகாததால் வருகிற வினை.

காவலாளி இல்லாத வீட்டுக்கு ஒரு காவலாளியை அனுப்பினால் என்ன? கனி யோசித்தது அவ்வளவுதான். ஒரு வைரஸின் முதுகில் ஏற்றி அனுப்பினாள். ஆனால் இருபத்துநாலு மணி நேரமும் விழித்திருக்கிற காவலாளி கடைசியில் வீட்டுக்காரரையே அடிக்கிறான் என்று எலிகளில் தெரிந்தது. ஆகவே அந்தக் காவல் புரதத்தில் ஒரு சின்னப் பள்ளம் வெட்டினாள். அது பூட்டு. அதில் போய்ப் பொருந்துகிற ஒரு மூலக்கூறைச் செய்தாள். அது சாவி. காலையில் ஒரு கேப்சூல் போட்டால் காவலாளி எழுந்து அளவாக வேலை பார்ப்பான். நிறுத்தினால் தூங்கிவிடுவான். காகிதத்தில் அப்படித்தான் எழுதினாள்.

அப்போது அவள் மதுரையில் பல்கலைக்கழகத்தில் இருந்தாள். ஒவ்வொரு பூட்டின் மேலும் பதினோராயிரம் பொருள்களை ஊற்றிப் பார்ப்பது அவள் முறை. மருந்துக்கடையில் விற்பதும் அதில் உண்டு, மளிகைக்கடையில் விற்பதும் உண்டு. பதினான்காவது பூட்டை மிளகில் இருக்கிற காரப்பொருள் திறந்துவிட்டது. முழுக்க இல்லை, முக்கால்வாசி.

அடுத்த அறைக்காரரும் கூடப் படித்தவருமான காஜா முகைதீன் துள்ளிக் குதித்தார். "கனி, ரசம் குடிச்சா நோய் நிக்குமா! பெரியாஸ்பத்திரியில அண்டா வச்சு ஊத்திரலாம்!"

"நோய் நிக்கும். என் பேப்பர் நிக்காது" என்றாள் கனி. "கண்டதும் திறக்கிற பூட்டை எந்தப் பத்திரிகை போடும்? சந்தையில வாங்கின பூட்டான்னு கேப்பான்."

"நோயாளி கேப்பானா?"

"நீ பாடம் எடுக்கப் போ."

பதினான்கைக் கழுவிக் கொட்டினாள். முப்பத்தொன்றாவது பூட்டு, பதினோராயிரத்தில் ஒன்றுக்கும் அசையவில்லை. அவள் செய்த சாவிக்கு மட்டும், தொட்ட உடனே திறந்தது. அதன் படம் ஒரு பெரிய பத்திரிகையின் அட்டையில் வந்தது. அட்டை வந்த மூன்றாம் வாரம் சென்னையிலிருந்து கிரிதர் சேஷன் வந்தார். நெய்தல் தெரப்யூட்டிக்ஸ் என்று புதிதாக ஒரு கம்பெனி தொடங்கியிருந்தவர். அரை மணி நேரம் அவள் விளக்கியதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"வேற எதுவும் திறக்காதே?"

"திறக்காது."

"அப்ப நான் எடுத்துக்கறேன்."

மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்த்து வாங்குகிறவர்கள் உண்டு. இவர் பூட்டைப் பார்த்து வாங்கினார். கனி பல்கலைக்கழக வேலையை விட்டுவிட்டு, பழைய மகாபலிபுரம் சாலையில் கண்ணாடியாலேயே கட்டிய ஒரு கட்டடத்தில் போய் உட்கார்ந்தாள். பெயர்ப்பலகையில் அவள் பெயருக்குக் கீழே தலைமை விஞ்ஞானி என்று இருந்தது. வாசலில் நின்று படம் எடுத்து மண்டிக்கு அனுப்பினாள். அப்பா அதைச் சட்டம் போட்டுக் கல்லாப்பெட்டிக்கு மேலே மாட்டினார்.

மருந்துச் சோதனைக்கு நாற்பத்தொரு பேர் கிடைத்தார்கள். வைரஸ் ஊசி எல்லோருக்கும் போட்டாயிற்று. முதல் ஆறு மாதம் பாதிப் பேருக்கு நிஜக் கேப்சூல், பாதிப் பேருக்கு வெறும் மாவு. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, கொடுக்கிற டாக்டருக்கும் தெரியாது. தெரிந்தால் முகத்தில் வந்துவிடும், முகத்தைப் பார்த்தால் நோயாளிக்குப் பாதி நோய் குணமாகிவிடும், அப்புறம் கணக்கு கெட்டுப்போகும். இந்தத் தொழிலின் பழைய ஏற்பாடு அது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், நிஜம் சாப்பிட்டவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். உடனே எல்லோருக்கும் நிஜமே கொடுக்கப்பட்டது.

அவர்களில் ஒருவர் கித்தேரியான் பர்னாந்து. தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் கூறுகிறவர். சேர வந்த அன்று அவருக்குக் குரலே இல்லை. விரலைக் காட்டி ஏலம் விட்டுக்கொண்டிருந்தார், வியாபாரிகள் விரலைக் குறைத்து எண்ணிக்கொண்டிருந்தார்கள். ஐந்தாம் மாதம் ஒரு காலையில் கனியின் போனில் ஒரு சத்தம். பின்னால் ஐஸ் உடைபடுகிறது, வள்ளத்து எஞ்சின் உறுமுகிறது, அதையெல்லாம் தாண்டி ஒரு மனிதன் கத்துகிறான்.

"டாக்டரம்மோவ்! கேக்குதா? ஒரு நெய்மீனை ரெண்டாயிரத்து முன்னூறுக்கு ஏத்தி விட்டிருக்கேன்! தொண்டை இருந்தாத்தானே வெலை!"

கனி கண்ணாடிச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதாள். அந்தக் கட்டடத்தில் அழுவதற்கு மறைவான இடமே இல்லை.

அந்த ஆண்டுக் கடைசியில்தான் சோதனைக் குரங்குகளிடமிருந்து வேறொரு சேதி வந்தது. ஒருமுறை விழித்த காவலாளிக்குத் திரும்பத் தூங்கத் தெரியவில்லை. சாவி நின்றால் அந்தப் புரதம் அப்படியே சுருண்டு கட்டியாகி, செல்லையும் சேர்த்துக் கொன்றுவிடுகிறது. ஆறு வாரம். நோய் மூன்று வருடத்தில் செய்கிற காரியத்தை ஆறு வாரத்தில் முடித்துவிடும். அணைப்பதற்கென்று வைத்த சுவிட்ச், அணைத்தால் வீடு எரிகிறது. நோயாளிகள் கையெழுத்துப் போட்ட ஒப்புதல் படிவத்தின் பத்தொன்பதாம் பக்கத்தில் கம்பெனி வக்கீல் ஒரு வரி சேர்த்தார். 'மருந்து நிறுத்தப்படும்பட்சத்தில் உடல்நிலையில் மாற்றம் ஏற்படலாம்.' கனி அதைப் படித்தாள். நிறுத்தினால்தானே என்று நினைத்துக்கொண்டாள்.

நிறுத்தினார்கள்.

நெய்தலை ஒரு வெளிநாட்டுக் கம்பெனி வாங்கியது. இரு தரப்பாரும் ஒருவருக்கொருவர் இனிப்பு ஊட்டுகிற படம் பத்திரிகைகளில் வந்தது. இரண்டு வாரம் கழித்துக் கிரிதர் கனியைத் தன் அறைக்கு அழைத்தார். மத்தியான வெயில் கண்ணாடி வழியாக மேஜை முழுக்கக் கொட்டிக்கிடந்தது.

"டாக்டர், நேரடியாச் சொல்லிடறேன். அவங்களுக்கு வேண்டியது உங்க பூட்டு-சாவி டெக்னிக் மட்டும்தான். கேன்சர்ல போடப் போறாங்க. தொண்டை வாட்டம் புரோகிராமை மூடறாங்க."

"நாப்பத்தொரு பேரு சாப்பிட்டுட்டு இருக்காங்க."

"அதுதான் பிரச்சினையே. நாப்பத்தொரு பேருக்கு யாரும் ஆலை ஓட்ட மாட்டாங்க."

"ஒரு வருஷத்துக்குச் சாவி செஞ்சு கொடுத்துட்டு மூடுங்க."

"வாய்ப்பில்ல."

"ஆறு மாசம்."

"கையில மூணு மாச ஸ்டாக் இருக்கு. அதைக் கொடுக்கச் சொல்லி நான் சண்டை போட்டு வாங்கியிருக்கேன். அதுக்கே நீங்க எனக்கு நன்றி சொல்லணும்."

மிளகாய் மண்டியில் துண்டுக்குள் கைவிட்டு விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். வெளியே இருக்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. பிடிபட்ட விரல் லேசாக நடுங்கினால் எதிராளி இன்னும் இறங்குவான் என்று அர்த்தம். கனி கிரிதரின் விரல்களைப் பார்த்தாள். அவை பேனாவை மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தன. நடுக்கம் இல்லை.

"சரி. செய்யற உரிமையை எனக்குக் கொடுங்க. அனுமதிக் கடிதம் ஒண்ணு போதும். நானே செஞ்சுக்கறேன்."

"கொடுத்து, யாருக்காவது ஏதாவது ஆச்சுன்னா? எங்க பேர்ல கேஸ் வரும்."

"கொடுக்கலைன்னா அத்தனை பேரும் செத்துருவாங்க, கிரிதர்! அதுக்கு கேஸ் வராதா?"

கிரிதர் பேனாவைக் கீழே வைத்தார். "அது நோயால, டாக்டர்" என்றார் மெதுவாக. மனிதர் பொல்லாதவர் இல்லை. வெட்கத்தோடுதான் சொன்னார். வெட்கப்பட்டுக்கொண்டே செய்கிறவனிடம் பேரம் படியாது. அவன் தனக்குள்ளேயே ஒருமுறை பேரம் பேசி முடித்துவிட்டுத்தான் வந்திருப்பான்.

கனி அன்றே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு மதுரைக்குப் பஸ் ஏறினாள்.

காஜா இப்போது துறைத் தலைவர். தாடி நரைத்திருந்தது, முழங்கால் தேய்ந்திருந்தது, வாய் மட்டும் அப்படியே இருந்தது. "தலைமை விஞ்ஞானி வர்றாங்க, வழி விடுங்கப்பா" என்று வாசலில் கும்பிட்டார். விஷயத்தைக் கேட்டதும் கும்பிட்ட கை அப்படியே நின்றது.

"சட்டப்படி இது குத்தம், தெரியும்ல?" என்றார். "அவங்க பேட்டன்ட். லைசென்ஸ் கிடையாது. மனுஷனுக்குக் கொடுக்கிற மருந்து."

"தெரியும்."

"எனக்கு ரிட்டயர்மென்ட்டுக்குப் பதினாலு மாசம் இருக்கு."

"அதுவும் தெரியும்."

"தெரிஞ்சேதான் வந்திருக்கே." காஜா சாவிக்கொத்தை எடுத்தார். "பின்பக்க லேபை ஒருத்தரும் பாக்க மாட்டாங்க. அங்க எலிகூட வேலைக்கு வராது."

கனி பதினோரு ஆய்வகங்களுக்கு உதவி கேட்டு எழுதினாள். அவர்களுடைய பதில் வருவதற்கு முன்னால் கம்பெனி வக்கீலின் கடிதம் அவர்களுக்கே போய்ச் சேர்ந்தது. ஒருவரும் பதில் போடவில்லை. மிஞ்சியது அவர்கள் இருவரும், பின்பக்க லேபும்தான். ஆலையில் இந்தச் சாவியை ஆள் உயரப் பாத்திரத்தில் காய்ச்சுவார்கள். இங்கே இருந்தது சொம்பளவு குடுவை. பதினான்கு படிகள். ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சரக்கு கழிந்துபோய், கடைசியில் வெளிர்மஞ்சளாக ஒரு தூள் மிஞ்சும். எவ்வளவு முட்டி மோதியும், குடுவை ஓயாமல் ஓடியும், ஒரு மாதத்துக்கு ஒன்பது பேருக்கான தூள்தான் வந்தது. பத்தாவது ஆளுக்கு வரவில்லை.

கம்பெனி கொடுத்த கேப்சூல் தீர இன்னும் பத்து நாள் இருந்தது.

தூத்துக்குடியில் கித்தேரியான் மாதா கோவிலின் சமூகக்கூடத்தைக் கேட்டு வாங்கியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த பிறகு நாற்பத்தொரு பேரும், கூடவே வீட்டாட்களும் வந்து பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். கனி மேடையில் ஏறாமல் கீழேயே நின்று எல்லாவற்றையும் சொன்னாள். பத்தொன்பதாம் பக்கத்தையும் சொன்னாள். ஒன்பது என்ற எண்ணையும் சொன்னாள்.

 உடனே எல்லோரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். அவர்களுக்கு அந்தக் குரலைக் கொடுத்ததும் அவள்தான்.

"சின்னப் பிள்ளைகளுக்கு மொதல்ல கொடுங்க" என்றார் ஒரு முதியவர்.

"அப்ப எனக்கு மூணு புள்ளைங்க இருக்கே, அதுங்க சின்னப் பிள்ளைங்க இல்லியா?" என்றான் லாரி டிரைவர் ஒருவன்.

"சீட்டுக் குலுக்கிப் போடுங்க!"

"குலுக்கி, பேரு வராதவன் இந்த வாசல் வழியா எப்பிடி வீட்டுக்குப் போவான்? நீரு சொல்லும்!"

கித்தேரியான் எழுந்தார். அந்த ஆள் வாயைத் திறந்தால் துறைமுகமே அமைதியாகும், கூடம் எம்மாத்திரம்.

"எல்லாரும் இரிங்க. நான் இருவது வருசமா ஏலம் விடுதேன். கூட்டத்துல சரக்கு கம்மி, ஆளு ஜாஸ்தின்னா என்ன நடக்கும்னு எனக்குத் தெரியும். இன்னும் கொஞ்ச நேரத்துல ஒருத்தன் எந்திச்சு, என் வீட்ட எழுதித் தாறேம்பான். அதுக்கு முன்னாடி ஒரு முடிவு பண்ணுங்க. டாக்டரம்மா பாவம், அவியளப் போட்டு நெரிக்காதிய."

அப்போதுதான் கோவில்பட்டி பேச்சித்தாய் பேசினாள். பத்தொன்பது வயது மகள் இசக்கியம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"டாக்டரம்மா, மொத ஆறு மாசம் செஞ்சிகளே, அது மாதிரி செஞ்சா என்ன? ஆருக்கு நெசம், ஆருக்கு மாவுன்னு தெரியாம? எம் மவளுக்கு அப்ப மாவுதான் விழுந்திருக்கு. ஆனா அந்த ஆறு மாசமும் அவ நெசம்னு நெனச்சுல்லா இருந்தா. சிரிச்சுக்கிட்டுத்தான் இருந்தா. எல்லாருக்கும் குப்பியைக் கொடுங்க. எங்களுக்குச் சொல்லாதிய."

"பெரியம்மா, அது ஏமாத்து இல்லியா?" என்று லாரி டிரைவர் கேட்டான்.

"ஏமாத்தறவங்ககிட்ட நாமளே கேட்டு வாங்கினா அது எப்பிடிய்யா ஏமாத்து?"

கை தூக்கச் சொன்னார்கள். முப்பத்தெட்டுக் கை எழுந்தது. மற்ற மூன்றும் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு எழுந்தன.

"எனக்கும் தெரியக் கூடாது" என்றாள் கனி. சொன்ன கையோடு நெஞ்சிலிருந்து ஒரு சுமை இறங்கியது. இறங்கியதை உணர்ந்து கூசிப்போனாள். "காஜா சார் கம்ப்யூட்டர்ல குலுக்கி, குப்பியில நம்பர் போட்டுத் தருவார். நான் நம்பரைப் பார்த்துக் கையில கொடுப்பேன். அவ்வளவுதான்."

கனியோடு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த காஜாவை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எதற்கும் ஒரு நையாண்டி வைத்திருக்கிற மனிதர் அன்று தலையை மட்டும் ஆட்டினார்.

முதல் குப்பிகள் போயின. ஒரு மாதம் கழித்து இரண்டாம் குப்பிகளும் போயின. கனி தினமும் காலையில் நாற்பத்தொரு பேருக்கும் போன் போட்டாள். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, ஒரே மூச்சில் எத்தனை வரைக்கும் எண்ண முடிகிறதோ எண்ணச் சொன்னாள். மூச்சுத் தசை வலுவாக இருக்கிறதா என்று பார்க்க அதைவிட மலிவான கருவி கிடையாது. போன் ஒரு சுற்று முடிய மத்தியானம் ஆகிவிடும்.

ஆறாம் வாரம் முடிந்தது. முப்பத்திரண்டு வீடுகளிலிருந்து அழுகுரல் வர வேண்டிய வாரம். ஒன்றும் வரவில்லை. கனியால் நம்ப முடியவில்லை. ஏழாம் வாரமும் எல்லோரும் எண்ணினார்கள். குரங்குக்கும் மனுஷனுக்கும் வித்தியாசம் இருக்கிறதோ? காவலாளி மனுஷ உடம்பில் தூங்கக் கற்றுக்கொண்டானோ? இரண்டு நாள் அவள் சரியாகச் சாப்பிட்டாள். போத்தீஸ் ஜவுளிக்கடை வாசலில் நின்று ஒரு புடவையைக்கூடப் பார்த்தாள்.

மூன்றாம் நாள் எண்களை வரிசையாக எழுதிப் பார்த்தாள்.

முப்பது எண்ணியவர் இருபத்தேழு. இருபத்தாறு எண்ணியவர் இருபத்துமூன்று. முப்பத்துநாலு எண்ணிய இசக்கியம்மாள் முப்பது. ஒருவர் விடாமல் நாற்பத்தொரு பேரும் ஒரே சரிவில், கைகோத்துக்கொண்டு படியிறங்குகிற மாதிரி இறங்கிக்கொண்டிருந்தார்கள். மேலேயே நிற்கிற ஒன்பது பேர் அந்தப் பட்டியலில் எங்கேயும் இல்லை. தடாலென்று விழுந்த முப்பத்திரண்டு பேரும் இல்லை.

நேராகப் பின்பக்க லேபுக்குப் போனாள். காஜா குடுவையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"குலுக்கினியா, காஜா?"

அவர் திரும்பவில்லை. "குலுக்கினேன். ஒம்பது பேரு வந்துச்சு. பாத்தேன். அப்புறம் அந்தக் காகிதத்தைக் கிழிச்சுட்டேன்."

"பிரிச்சுப் போட்டுட்டே."

"நாப்பத்தொண்ணாப் பிரிச்சேன். சமமா."

கனி ஸ்டூலில் உட்கார்ந்தாள். "காஜா, இது சாப்பாடு இல்லய்யா, ஆளுக்கு ரெண்டு வாய் சாப்பிட்டு உயிரோட இருக்க. கால் டோஸுக்கு அந்தப் பூட்டு திறக்காது. கொஞ்சம் ஆட்டம் கொடுக்கும், அவ்வளவுதான். ஆறு வாரம் ஆறு மாசம் ஆகும். ஆறு மாசத்துல எல்லாரும் போயிருவாங்க. அந்த ஒம்பது பேரும்! உனக்குத் தெரியாதா? நீயும் என்கூடத்தானே படிச்சே?"

"தெரியும்."

"தெரிஞ்சா செஞ்சே?"

"அன்னிக்கு மேஜை மேல நாப்பத்தொரு குப்பி. ஒம்பதுல தூளைப் போட்டேன். பத்தாவதுல மைதா மாவைப் போடணும். குப்பியில பேர்கூட இல்ல, கனி, நம்பர்தான். கை போகலை. ஒரு மணி நேரம் அப்படியே உக்காந்திருந்தேன். நீ கூடத்துல ரொம்பச் சுலபமா சொல்லிட்டே, எனக்குத் தெரியக் கூடாதுன்னு. தெரிய வேண்டிய வேலையை என் தலையில கட்டிட்டே."

விலை கேட்காமலே சரக்கைத் தலையில் கட்டியது அவள்தான்.

"ஆறு மாசத்துல யாராவது வரலாம்னு நெனச்சேன்" என்றார் காஜா. "கோர்ட்டு, மந்திரி, அந்தக் கம்பெனிக்காரனோட பெண்டாட்டி, யாராவது."

"யாரும் வர மாட்டாங்க."

"வர மாட்டாங்கதான்." கையைத் துடைத்துக்கொண்டு வந்து, அலமாரியிலிருந்து ஒரு கண்ணாடிப் புட்டியை எடுத்து அவள் முன்னால் வைத்தார். மூன்றாம் மாதத்துக்கான தூள். "இன்னும் காலம் இருக்கு. இப்ப முழு டோஸ் கொடுத்தா ஒம்பது பேரு எந்திருச்சிருவாங்க. நீ கோவப்படுறது நியாயம். நான் எதுத்துப் பேசல. நீயே பேர் எழுது. எழுதிக் கொடு, நான் மாவை அடைச்சுத் தர்றேன்."

கனி நோட்டை எடுத்தாள். கணக்கில் அவளுக்குக் குழப்பம் எதுவும் இல்லை. ஒன்பது, பூஜ்யத்தைவிடப் பெரிது. இதில் யோசிப்பதற்கு என்ன இருக்கிறது? சின்னவர்கள் முதலில். இசக்கியம்மாள் என்று எழுதினாள். அடுத்து, பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன். அடுத்து, கைக்குழந்தைக்காரி ஒருத்தி. ஐந்து பேர் வரைக்கும் பேனா ஓடியது.

ஆறாவது யார்? லாரி டிரைவரா, அருப்புக்கோட்டை டீச்சரா? லாரி டிரைவர் இருபதுக்கு மேல் எண்ணும்போது ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு கியர் மாற்றுகிற மாதிரி இழுப்பான். டீச்சர் பதினேழை மட்டும் எப்போதும் விழுங்கிவிடுவாள், பிறகு தானே சிரித்துக்கொண்டு மறுபடி தொடங்குவாள். முதியவர் எண்ணத் தொடங்குமுன் "முருகா" என்பார். அதற்கு ஒரு மூச்சு வீண், சொல்லாதீர்கள் என்று எத்தனை தடவை சொல்லியும் கேட்கமாட்டார். அறுபது நாளாகத் தினம் காலையில் கேட்ட குரல்கள். டாக்டர் தெரிந்துகொள்ளக் கூடாது என்று எவனோ ஒரு புண்ணியவான் அந்தக் காலத்தில் விதி வைத்தான். அவளோ நோயாளிகளின் மூச்சை எண்ணி எண்ணி அத்தனை பேரையும் தெரிந்துகொண்டுவிட்டாள்.

போன் அடித்தது. கித்தேரியான். இன்று அவர் முறை வருவதற்கு முன்னால் அவரே கூப்பிட்டுவிட்டார்.

"டாக்டரம்மா, ஒரு ரகசியம். ஆருகிட்டயும் சொல்லிராதிய. எனக்கு நெசந்தான் விழுந்திருக்கு."

"எப்படிச் சொல்றீங்க?"

"எட்டு வாரம் ஆச்சுல்லா? இன்னும் கத்துதேனே! நேத்து ஏலத்துல ஒரு கொடுவா மீனை…" நடுவில் கொஞ்சம் இருமினார். "பேச்சித்தாய் மவளுக்கும் நெசந்தான் போல. அவளும் பேசுதா. அந்த லாரிக்காரனும் பேசுதான். எனக்கென்னமோ எல்லாருக்கும் நெசம்தான் விழுந்திருக்குன்னு தோணுது. நீங்க எப்பிடியோ செஞ்சு கொடுத்துட்டு, எங்ககிட்ட ஒம்பது பேருக்குத்தான்னு சும்மா சொல்லியிருக்கிய. வியாபாரி வீட்டுப் பொண்ணுல்லா நீங்க, இருக்கிற சரக்கைப் பூராக் காட்ட மாட்டியளே!"

கனி போனைக் காதிலிருந்து கொஞ்சம் விலக்கிப் பிடித்தாள்.

"எண்ணுங்க, கித்தேரியான்."

அவர் மூச்சை இழுக்கிற சத்தம் கேட்டது. ஏலம் விடுகிற அதே மிடுக்கில் தொடங்கினார். இருபது வரைக்கும் மிடுக்கு இருந்தது. இருபத்தொன்றில் குரல் இளைத்தது. இருபத்துநாலில் நின்றது. முதல் வாரம் இருபத்தேழு எண்ணியவர்.

"எவ்வளவு வந்துச்சு டாக்டரம்மா? கொறஞ்சிருக்கா?"

"இருபத்துநாலு" என்றாள் கனி.

"நெசந்தானே எனக்கு?"

நாற்பத்தொரு பேரில் ஒருவரிடம்கூட இதுவரை அவள் பொய் சொன்னதில்லை. இப்போதும் சொல்லவில்லை. "நெசம்தான்" என்றாள். குப்பியில் இருந்தது நிஜத்தூள்தான். எவ்வளவு என்று அவர் கேட்கவில்லை.

போனை வைத்துவிட்டு நோட்டைப் பார்த்தாள். ஐந்து பெயர்கள். ஆறாவது வரி காலி. வெளியே பல்கலைக்கழகத்து வேப்பமரத்தடியில் பிள்ளைகள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பங்கு பிரித்துக்கொண்டிருந்தார்கள். காஜா சன்னலோரம் நின்றார்.

ஆறாவது வரியில் கித்தேரியான் என்று எழுதினாள். அடித்தாள். டீச்சர் என்று எழுதினாள். அதையும் அடித்தாள். பேனாவை மூடி வைத்தாள். பிறகு, நோட்டிலிருந்து அந்தத் தாளை ஓசை வராமல் கிழித்தாள்.

"காஜா, அந்தச் சின்னத் தராசை இப்படி நகர்த்து."

"எத்தனையாப் பிரிக்கணும்?"

அவள் சொல்லவில்லை. காஜா காலிக் குப்பிகளை எடுத்து மேஜையில் அடுக்கத் தொடங்கினார். ஒன்பதாவது குப்பியை வைத்ததும் ஒரு கணம் நிறுத்தி அவள் முகத்தைப் பார்த்தார். அவள் தராசிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பத்தாவது குப்பியை வைத்தார். பிறகு பதினொன்றாவதை.